மருந்துக்கடை ஊழியர்களுக்கு நீரிழிவுப் பயிற்சி: உதவி தேவை

காரைக்குடியில் மருந்துக்கடை நடத்துகிறேன். மருந்தாளுநர்கள் இருவர், உதவியாளர்கள் மூவர். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் மாதந்தோறும் வருகிறார்கள். அவர்கள் கேட்பதற்கு எங்கள் ஊழியர்களால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

கந்த சஷ்டி விரதத்தின்போது ஓர் ஆச்சி, வெறும் வயிற்றில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போட்டுக்கொண்டு, கை நடுங்க, வியர்த்து வழிய வந்து நின்றார். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபரிசோதனை. கவுன்ட்டரில் நிற்கும் கடைசிப் பையனுக்கும் இது தெரிந்தாக வேண்டும். அதைவிடப் பெரிய பயம் இன்சுலின்தான். யு-100 மருந்தை (மில்லிக்கு 100 யூனிட்) யு-40 சிரிஞ்சில் (மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கானது) இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்!

ஆடியிலிருந்து முயல்கிறேன். ஆங்கிலக் காணொளிகள் உதவியாளர்களுக்குப் புரியவில்லை. மருந்து நிறுவனப் பிரதிநிதி வந்து பேசினார். தன் மாத்திரையைத் தாண்டவில்லை. சுவரில் ஒட்டிய குறிப்பை யாரும் படிப்பதில்லை. உள்ளூர் மருத்துவர் ஒருவர் மனமுவந்து ஒப்புக்கொண்டார், அவருக்கு நேரம் அமையவில்லை.

ஞாயிறு பிற்பகலில் எங்கள் ஐவரையும் உட்காரவைத்து, சிரிஞ்சையும் குளுக்கோமீட்டரையும் கையில் கொடுத்து, தமிழிலேயே பயிற்சி தரக்கூடியவர் காரைக்குடி, மதுரை, திருச்சிப் பக்கம் யாராவது இருக்கிறார்களா?