இன்ஸ்டன்ட் ஃபிலிமுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? – என் பங்குக்கு ஒன்று

நண்பர்களுக்கு வணக்கம். படம் எடுத்ததும் கேமராவிலிருந்து வெளியே வந்து, கையிலேயே தானாகப் படம் தோன்றும் தாள்தான் இன்ஸ்டன்ட் ஃபிலிம். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடி நம் குழுவில் வரும் மடல்களை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இனி முடியவில்லை.

> உடனடிப் படச்சுருள் என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் இரண்டு சொல்லுமே இடிக்கிறது. 1948-ல் பாஸ்டனில் விற்பனைக்கு வந்த முதல் போலராய்டு கேமராவில் சுருள் இருந்தது, உண்மை. இன்று கடையில் கிடைப்பது ஒரு டப்பா. உள்ளே தனித்தனித் தாள்கள்: போலராய்டில் 8, ஃபியூஜிஃபிலிம் நிறுவனத்தின் இன்ஸ்டாக்ஸில் 10. சுருளுக்கு அங்கே என்ன வேலை? உடனடியும் அப்படித்தான். போலராய்டு கலர் படம் முழுதாக வரப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் செல்போனில் எடுத்த படம் குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போய், சித்தப்பா கட்டைவிரலும் காட்டியிருப்பார்.

> கழுவாப்படம்?

இது எனக்கு ரொம்பவே பிடித்தது. ஃபிலிமை டெவலப் செய்வதற்கு ஸ்டூடியோ வாசலில் நின்று யாரும் 'உருத்துலக்கல்' என்று கேட்டதில்லை. 'ரோல் கழுவியாச்சா' என்றுதான் கேட்போம். செல்லாக்காசு, வாடாமலர் வரிசையில் இலக்கணமும் சரி. ஆனால் எங்கள் வீட்டு பீரோவில், எடுத்துவிட்டுக் கழுவக் கொடுக்காமலே போட்ட பழைய ரோல் ஒன்று கிடக்கிறது. அதுவும் கழுவாப்படம்தானே?

என் பரிந்துரை: தெளிபடம்.

போன மாதம் வீட்டில் வளைகாப்பு. யாரோ இன்ஸ்டாக்ஸ் கொண்டுவந்திருந்தார்கள். தாள் வெளியே வந்ததும் பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். முதலில் வெறும் வெளுப்பு. அப்புறம் புடவையின் கருநிறம், அப்புறம் முகம், வளையல் கடைசியில். ஒரு பொடியன் தாளை விசிறிபோல ஆட்டினான். (ஆட்டினால் சீக்கிரம் வராது. உரித்தெடுக்கும் பழைய வகைப் படங்களின் ஈரம் காய ஆட்டிய பழக்கம் அது.) 'தெளியுது, தெளியுது' என்று பின்னால் இருந்து பாட்டி சொன்னார். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, காதில் விழுந்ததை எழுதிக்கொண்டேன்.

வேதியியலும் பாட்டி பக்கம்தான். 1972-ல் வந்த போலராய்டின் எஸ்எக்ஸ்-70 வகையில், தாள் உருளைகளுக்கு நடுவே வரும்போது அகலமான வெள்ளை விளிம்புக்குள் இருக்கும் சின்னப் பொட்டலம் நசுங்கி, காரக் குழம்பு (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான காரம்) உள்ளே பரவுகிறது. வெளிச்சத்தை மறைக்கும் சாயமும் அதிலேயே உண்டு. தாளுக்குள் இருக்கும் அமில அடுக்கு காரத்தைத் தணிக்கத் தணிக்க, சாயம் நிறமிழந்து தெளிகிறது. இன்ஸ்டாக்ஸின் அமைப்பு வேறு, ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் தெளிவதுதான்.

2008-ல் போலராய்டு ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியபோது, நெதர்லாந்தின் என்ஸ்கடே ஆலையில் இருந்த இயந்திரங்களை ஒரு சிறு குழு வாங்கியது. பழைய வேதிப்பொருள்கள் பல கிடைக்காமல் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. 2010-ல் வந்த அவர்களுடைய முதல் தாள்களில் மறைப்புச் சாயம் சரியாக அமையவில்லை. படம் வெளிவரும்போதே வெளிச்சம் படாமல் பொத்திக்கொள்ள வேண்டும். அப்படியும் வாங்கினார்கள்! செல்போன் காலத்தில் இந்தத் தாளுக்குக் காசு கொடுப்பவர்கள் வாங்குவது அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குத்தான் வினைத்தொகை. தெளிந்த படம், தெளிகிற படம், தெளியும் படம், மூன்றும் ஊறுகாய் மாதிரி ஒரே சொல்லில் அடங்கும். நடுவில் 'ப்' போட்டுவிடாதீர்கள், பூச்சிமருந்து நினைவுக்கு வரும்.

> 'தெளிவான படம்' என்று தப்பாக நினைக்க மாட்டார்களா?

நினைக்கலாம். அப்படி நினைத்து வாங்குபவர் முதல் டப்பாவிலேயே திருந்திவிடுவார்.

தாளுக்குத் தெளிபடத்தாள், கருவிக்குத் தெளிபடக் கேமரா. கேமராவை நான் மாற்றப்போவதில்லை, சண்டைக்கு வராதீர்கள். அந்தக் குழம்புப் பொட்டலத்துக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. 'குழம்புப்பொதி' என்றால் வீட்டில் 'சாம்பாரா, வத்தக்குழம்பா' என்று கேட்கிறார்கள்.