மாசம் 222 சரியா? எங்க வீட்டுக் குழுவில் ஒரு ராத்திரி

தம்பி, இரவு 9:41
அக்கா, முழிச்சிருக்கியா? கேஸ், கரண்ட் ரெண்டையும் குடுக்கிற கம்பெனிலேர்ந்து மெயில் வந்திருக்கு. மாசாமாசம் பேங்க் கணக்குலேர்ந்து, இந்த ஊர்ப் பணத்துல, 130 எடுத்துட்டு இருந்தாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து 222-ஆம்.

தம்பி, இரவு 9:42
180 பாக்கினு வேற காட்டுது. அப்படி என்னத்தை எரிச்சுட்டோம்?

சித்தி, இரவு 9:43
ஐயோ, 222-ஆ? நீ பாட்டுக்குப் பயந்துபோய் ஹீட்டரை அணைச்சுடாதே கண்ணு. குட்டிப்பயல் இருக்கிற வீடு.

தம்பி, இரவு 9:43
மெயிலைப் பாத்ததும் அணைச்சுட்டேன் சித்தி. எல்லாரும் ஸ்வெட்டரோட உக்காந்திருக்கோம்.

நான், இரவு 9:44
முதல்ல எழுந்து போய் ஹீட்டரைப் போடு. போட்டுட்டு வா, பேசலாம்.

தம்பி, இரவு 9:46
போட்டாச்சு.

மாமா, இரவு 9:47
இந்தத் தானா எடுக்கிற ஏற்பாட்டையே நிறுத்திடுப்பா. பில் வர வரக் கட்டு. நம்ம பணத்தை அவன் எதுக்கு முன்கூட்டியே எடுக்கணும்?

நான், இரவு 9:49
அதுவும் ஒரு வழிதான் மாமா. ஆனா குளிர் மாசத்து பில் எல்லாம் வரிசையா வந்து நிக்கும்போது தாங்கணுமே. வருஷச் செலவைப் பன்னெண்டாப் பிரிச்சுக் கட்டுறது இவனை மாதிரி மாசச் சம்பளக்காரனுக்கு நல்ல ஏற்பாடு. அந்த வருஷச் செலவை யாரு எதை வெச்சுக் கணிச்சாங்கங்கிறதுதான் கேள்வி.

தம்பி, பில்லுல கேஸ் அளவு இருக்கிற பக்கத்தை அனுப்பு.

தம்பி, இரவு 9:53
(படம்)

நான், இரவு 9:56
முன் அளவு 4,856. இப்போதைய அளவு 5,336. அந்த 5,336-க்குப் பக்கத்துல பொடி எழுத்துல 'உத்தேசம்'னு இருக்கு பாரு. யாரும் வந்து பாத்து எழுதினது இல்ல. நீ எப்போ கடைசியா அளவு அனுப்பின?

தம்பி, இரவு 9:57
மூணு மாசம் ஆச்சு அக்கா. குட்டிக்கு மாத்தி மாத்திக் காய்ச்சல், அப்படியே விட்டுப்போச்சு.

நான், இரவு 9:57
சரி விடு. இப்பவே மீட்டரைப் பாத்துட்டு வா.

தம்பி, இரவு 10:01
05276, அப்புறம் சிவப்புக் கட்டத்துல 418. எல்லாத்தையும் சேத்து எழுதணுமா?

நான், இரவு 10:02
சிவப்பு வேண்டாம், அது புள்ளிக்கு அப்புறம் வர்றது. 5,276 மட்டும் போதும். அப்போ அவங்க எழுதின 5,336-ல 60 கன மீட்டர் நீ எரிக்கவே இல்ல.

மாமா, இரவு 10:03
கன மீட்டரா கன அடியானு முகப்பைப் பாக்கச் சொல்லும்மா. நான் முன்ன இருந்த வீட்டுல பழைய மீட்டர், நூறு நூறு கன அடியா ஓடும். நூறு கன அடினா 2.83 கன மீட்டர். அதை இதுன்னு நெனச்சு பில் போட்டா எங்கேயோ போயிடும்.

தம்பி, இரவு 10:04
கன மீட்டர்னுதான் போட்டிருக்கு மாமா.

நான், இரவு 10:05
நல்லவேளை கேட்டீங்க மாமா. எனக்குத் தோணவே இல்ல.

நான், இரவு 10:12
தம்பி, மெயில்ல 'வருஷ கேஸ் உபயோகம் 21,120 யூனிட்'னு இருக்குல்ல, அது எப்படி வந்துச்சுனு கண்டுபிடிச்சுட்டேன். 4,856-லேர்ந்து 5,336 வரைக்கும் 480 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கேஸ் சுமார் 11 யூனிட். (பில்லோட அடியில வெப்ப மதிப்பு 39-னு போட்டிருக்கான் பாரு, ஒரு கன மீட்டர் எரிஞ்சா அத்தனை மெகாஜூல் வெப்பம். ஒரு யூனிட்டுக்கு 3.6 மெகாஜூல். வகுத்தா 10.8, கேஸோட வெப்பநிலை, அழுத்தத்துக்காகப் பெருக்கிற திருத்தக் காரணியும் சேந்தா 11 கிட்ட வரும்.) 480-ஐ 11-ஆல பெருக்கினா 5,280. அதை நாலால பெருக்கு. 21,120!

அதாவது, இருக்கிறதுலேயே குளிரான மூணு மாசத்தை எடுத்து, வருஷம் முழுக்க அதே குளிர்னு வெச்சுட்டாங்க. அந்த மூணு மாசமும் பாதி உத்தேசம். வெயில் காலத்துல நீ கேஸை எதுக்கு எரிக்கப்போற? குளிக்க வெந்நீர், அடுப்பு, அவ்வளவுதானே?

தம்பி, இரவு 10:13
அக்கா!! சத்தியமா எனக்கு இது விளங்கவே இல்ல. நாங்கதான் ஊதாரித்தனமா இருந்துட்டோம்னு நெனச்சு வீட்டுல ஒரு சண்டையே வந்துடுச்சு.

நான், இரவு 10:14
தெரியும்டா. அதான் இவ்வளவு நேரம் உக்காந்திருக்கேன். இப்போ உண்மையான வருஷ உபயோகம் வேணும். போன வருஷம் இதே சமயத்துல மீட்டர் என்ன காட்டுச்சு? எழுதி வெச்சிருக்கியா?

தம்பி, இரவு 10:15
இல்லையே. அப்போ அனுப்பினதும் இல்ல.

சித்தி, இரவு 10:17
குட்டி தவழ்ந்து போய் மீட்டர் அலமாரிக்குள்ள உக்காந்துட்டான்னு ஒரு படம் போட்டியே, அது எப்போ? பல்லு வந்த புதுசு.

தங்கை, இரவு 10:18
இருங்க, நான் மேல தள்ளிப் பாக்குறேன்.

தங்கை, இரவு 10:26
கெடச்சிடுச்சு!! போன வருஷம் இதே வாரம், ரெண்டு நாள்தான் வித்தியாசம். பெருசாக்கிப் பாத்தா அவன் தலைக்கு மேல எண் தெரியுது. 0431, அடுத்த எண்ணை முடி மறைக்குது. 2 இல்லைனா 3.

நான், இரவு 10:27
2-னு வெச்சுக்கலாம். ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் 11 யூனிட்தான். சித்தி, உங்க ஞாபகத்துக்குக் கும்பிடு.

நான், இரவு 10:38
5,276-லேர்ந்து 4,312 போனா 964 கன மீட்டர். 11-ஆல பெருக்கினா 10,604 யூனிட். அவங்க சொன்னதுல பாதிதான்.

கரண்ட் மீட்டர் தானா அளவு அனுப்புற வகை, அதனால அந்த 2,500 யூனிட் வருஷக் கணக்குல தப்பில்ல. உன் பில்லுல இருக்கிற விலையையே போடுறேன், வரி உள்பட. கேஸ் யூனிட் 0.07, அதுக்கு 742. கரண்ட் 0.28, அதுக்கு 700. உபயோகிச்சாலும் இல்லைனாலும் எடுக்கிற நாள் கட்டணம் ரெண்டுக்கும் சேத்து 0.85, வருஷத்துக்கு 310. மொத்தம் 1,752. பன்னெண்டால வகுத்தா 146.

அதனால உண்மையைச் சொல்லணும்னா, 130 உனக்குக் குறைச்சல்தான். ஏத்தக் கூடாதுனு நீ வாதாட முடியாது. ஆனா 222 இல்ல.

மாமா, இரவு 10:40
பாக்கி 180 இருக்கேம்மா. அதைக் கட்டித்தானே ஆகணும்?

நான், இரவு 10:47
கட்டணும். ஆனா அது 180 இல்ல மாமா. எரிக்காத 60 கன மீட்டர் 660 யூனிட், அதுக்கு 46. கழிச்சா 134.

இன்னொரு விஷயம் இருக்கு, இது ரொம்ப பேருக்குத் தெரியறதில்ல. குளிர் முடியறப்போ பாக்கி நிக்கிறது இயல்பு. அந்த மூணு மாசத்துச் செலவு மட்டும், கேஸ், கரண்ட், நாள் கட்டணம் எல்லாம் சேத்து, 611 கிட்ட. மாசம் 146 கட்டியிருந்தாலும் 438-தான் ஆகியிருக்கும். மிச்ச ஒன்பது மாசத்துச் செலவு 1,141, நீ கட்டப்போறது 1,314. அங்கேயே 173 மிச்சம். அந்த 134 தன்னால அடைபட்டுடும். குளிருக்கு முன்னாடி இதே அளவு பாக்கி இருந்தாதான் நிஜமாவே கவலைப்படணும்.

தங்கை, இரவு 10:49
அப்போ பாக்கிக்குனு தனியா சேக்க வேண்டாமா?

நான், இரவு 10:51
கம்பெனி பிடிவாதமா இருந்தா 134-ஐப் பன்னெண்டு மாசத்துக்குப் பிரிச்சு 11 சேத்துக்கலாம். 157. அதுக்கு ஒத்துக்கோ தம்பி, கெடுதல் இல்ல. அடுத்த குளிர் தொடங்குறப்போ கையில 138 இருப்பு இருக்கும், நிம்மதியா ஹீட்டர் போடலாம்.

அந்த இருப்பு உன் பணம். வருஷக் கடைசியில தேவைக்கு மேல நின்னா திருப்பிக் கேளு. கூச்சப்படாதே.

சித்தி, இரவு 10:52
போன்ல அவங்க கடகடன்னு பேசினா இவன் சரி சரினு சொல்லிடுவான். என்ன கேக்கணும்னு எழுதிக் குடு.

நான், இரவு 10:55
தம்பி, போன் பண்றதுக்கு முன்னாடியே இன்னிக்கு அளவை அவங்க தளத்துல போட்டுடு, படத்தோட. அப்புறம் மூணே விஷயம் கேளு: உத்தேச பில்லை ரத்து பண்ணிட்டு 5,276-க்குப் புது பில். ஒரு வருஷ இடைவெளியில ரெண்டு நிஜ அளவு இருக்கு, அதை வெச்சு வருஷக் கணக்கு. அதுக்கப்புறம் மாசத் தொகை. கோபப்படாதே, எதிர்ல பேசுறவங்க இந்தக் கணக்கைப் போட்டவங்க இல்ல. 'கம்ப்யூட்டர் சொல்லுது'ன்னா 'எந்த அளவை வெச்சுச் சொல்லுது?'ன்னு மட்டும் கேளு.

தம்பி, இரவு 10:56
சரி அக்கா. தூங்கு. உனக்குக் காலைல வேலை.

தம்பி, மறுநாள் பகல் 12:20
பேசிட்டேன். முதல்ல 190-க்கு வந்தாங்க. குட்டி படத்தையும் நேத்து எடுத்த படத்தையும் அனுப்பினேன். மேலதிகாரிகிட்ட கேட்டுட்டு வந்து 157-க்கு ஒத்துக்கிட்டாங்க. பழைய பில் ரத்து, புதுசு ரெண்டு நாள்ல வருமாம்.

மாமா, பகல் 12:24
சபாஷ்! புது பில் வந்ததும் எண்ணைச் சரிபாரு. வாய்வார்த்தையை நம்பி விட்டுடாதே.

நான், பகல் 12:31
விலை மாறுற அன்னிக்கு முந்தின நாளும் அளவு அனுப்பிடு தம்பி. இல்லைனா பழைய விலைக்கு எரிச்சதுல கொஞ்சம் புது விலைக்குப் போயிடும். அதைத் தவிர மாசம் ஒரு தடவை, முதல் தேதி. மறக்காம இருக்க இந்தக் குழுவுலேயே போடு, நாங்க கேக்குறோம்.

தம்பி, முதல் தேதி காலை 7:15
கேஸ் 5,341. (படம்)

சித்தி, காலை 7:18
மீட்டர் மட்டும்தான் இருக்கு. குட்டி எங்க?

தம்பி, காலை 7:22
(படம்)