பிரேசில் கலரில் மூணு அடுக்கு ஜூஸ்: நீலம் மேலே நிற்க மாட்டேங்குது, வழி சொல்லுங்க

வியாசை மொட்டைமாடி:
உலகக் கோப்பை வந்தால் வியாசர்பாடி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, மினி பிரேசில் என்று சும்மாவா பேர் வைத்தார்கள். இந்தத் தடவை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் திரை கட்டி நடுராத்திரி மேட்ச் பார்க்கப் போகிறோம், இருபத்தைந்து பேர் தேறும், பொடிசுகளும் உண்டு. வெறும் டீயும் பஜ்ஜியும் வேண்டாம், கண்ணாடி கிளாஸில் அடியில் பச்சை, நடுவில் மஞ்சள், மேலே நீலம் என்று அடுக்கு அடுக்காக ஒரு ஜூஸ் கொடுக்கலாம் என்று யோசனை. பச்சைக்கு வெட்டிவேர் சர்பத், மஞ்சளுக்கு மாம்பழ ஜூஸ், நீலத்துக்கு சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் ப்ளூ குராசோ சிரப் (சாராயம் இல்லாதது). பச்சையும் மஞ்சளும் ஒழுங்காக நிற்கிறது. நீலத்தை ஊற்றினால் மட்டும் மாம்பழத்தைக் கிழித்துக்கொண்டு நேராக அடிக்குப் போய், மொத்தமும் பாசி பிடித்த குட்டைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. வீடியோவில் மட்டும் எப்படி நிற்கிறது? சோடா ஊற்றலாமா? முன்கூட்டியே செய்து வைக்க முடியுமா? பெரிசுகள் நாலைந்து பேர் தங்களுக்கு மட்டும் சரக்கு கலந்து வேண்டும் என்கிறார்கள், அதற்கும் சொல்லுங்கள்.

பழைய பார்மேன்:
தம்பி, இதில் கை வித்தை கால்வாசிதான், மீதி எல்லாம் சர்க்கரை. எதில் சர்க்கரை அதிகமோ அது கனம், அது அடியில் நிற்கும். சர்பத், சிரப் எதுவானாலும் பாதிக்கு மேல் சர்க்கரைதான், ஒரு மில்லி கிட்டத்தட்ட 1.3 கிராம் எடை வரும். பாக்கெட் மாம்பழ ஜூஸ் 1.05, 1.06 இருக்கும். தண்ணீர் 1. வோட்கா 0.95. இப்போது பார், உன் வெட்டிவேரும் சிரப், உன் நீலமும் சிரப், இரண்டும் ஒரே கனம், அப்புறம் அது மாம்பழத்தின் மேல் எப்படி உட்காரும்? நீலத்தை அப்படியே ஊற்றாதே, ஒரு டீஸ்பூன் சிரப்பை 60 மில்லி ஐஸ் தண்ணீரில் கலந்து ஊற்று. கலர் நன்றாகவே தெரியும், எடை மாம்பழத்தைவிடக் குறைந்துவிடும், மிதக்கும்.

300 மில்லி கிளாஸுக்கு என் கணக்கு: வெட்டிவேர் 20 மில்லி, பிறகு கிளாஸ் விளிம்பு வரை ஐஸ், அதன் மேல் மெதுவாக மாம்பழ ஜூஸ் 100 மில்லி, கடைசியில் நீலத் தண்ணீர். ஐஸை நடுவில் போடக் கூடாது, மாம்பழத்துக்கு முன்னாலேயே போட வேண்டும். ஊற்றுவது ஐஸில் பட்டு வேகம் குறைந்து இறங்குகிறது, வீடியோவில் நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். மஞ்சளும் நீலமும் தொடும் இடத்தில் கொஞ்சம் பச்சை வரும், பிரேசில்தானே, வந்தால் வரட்டும்.

பெரிசுகளுக்கு: 60 மில்லி தண்ணீருக்குப் பதில் 30 வோட்கா, 30 தண்ணீர், அதே ஒரு டீஸ்பூன் நீலம். சரக்கு லேசானது என்பதால் இன்னும் கோடு போட்ட மாதிரி நிற்கும். டாஸ்மாக் பத்து மணிக்கு மூடிவிடும், மேட்ச் நடுராத்திரி என்று சாவகாசமாக இருக்காதே.

ராயபுரம் அக்கா:
கரண்டியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகில் ஊற்று என்று எல்லாரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் இருபத்தைந்து கிளாஸுக்கு அப்படிச் செய்தால் முதல் பாதி ஆட்டம் முடிந்துவிடும். வீட்டில் பாலாடை இருக்கிறதா? குழந்தைக்குப் பால் புகட்டுவோமே, அதேதான். அதன் மூக்கைக் கிளாஸ் ஓரத்தில் ஒட்ட வைத்துச் சாய்த்தால் நூல் மாதிரி இறங்கும், ஐஸின் மேல் வழிந்து தானே பரவும், கை நடுங்கினாலும் கவலையில்லை.

சோடா வேண்டாம். குமிழி மேலே வரும்போது மாம்பழத்தையும் இழுத்துக்கொண்டு வந்து அடுக்கைக் குலைத்துவிடும். ருசிக்கும் ஒன்று சொல்கிறேன், வெட்டிவேர், மாம்பழம், குராசோ மூன்றும் இனிப்பு, இரண்டு வாய்க்கு மேல் திகட்டும். நீலத் தண்ணீரில் எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்து ஒரு சிட்டிகை உப்பு போடு. படம் எடுத்து முடித்ததும் கலக்கிக் குடிக்கச் சொல், இல்லாவிட்டால் முதல் வாய் வெறும் எலுமிச்சைத் தண்ணீர், கடைசி வாய் வெறும் சர்பத்.

முக்கியமானது, பிள்ளைகள் கிளாஸும் பெரிசுகள் கிளாஸும் ஒரே தட்டில் வரக் கூடாது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இருட்டில் யார் எதை எடுத்தார்கள் என்று தெரியாது. சரக்கு உள்ளதை வேறு வடிவ கிளாஸில் ஊற்று, இல்லையென்றால் அவர்களைக் கீழே வீட்டுக்குள் போய்க் கலந்துகொள்ளச் சொல்.

காசிமேடு காத்து:
ஐஸைப் பற்றி யாரும் பேசவில்லையே. இருபத்தைந்து கிளாஸுக்கு ஃப்ரிட்ஜ் தட்டு ஐஸ் எந்த மூலைக்கு? அதற்காக எங்கள் பக்கம் வந்து ஐஸ் பார் வாங்கி உடைத்துப் போடாதீர்கள், அது மீனுக்குப் போடுவது, குடிக்கிறதுக்கு இல்லை. பாக்கெட்டில் வரும் குடிக்கிற ஐஸ் வாங்குங்கள், தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் நடுராத்திரி வரை தாங்கும்.

பிளாஸ்டிக் கிளாஸும் ஸ்ட்ராவும் 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை, பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் அதில் வரும். பேப்பர் கப்பில் அடுக்கு கட்டி யாருக்குக் காட்டப் போகிறீர்கள்? சாமியானா, நாற்காலி வாடகைக்கு விடும் கடையிலேயே கண்ணாடி டம்ளர் கேளுங்கள், உடைந்தால் காசு பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

சங்குப்பூ பிரியை:
கடைக் கலர் வேண்டாம் என்றால் வேலியில் பூக்கும் சங்குப்பூவை வெந்நீரில் போட்டு ஆற வைத்தால் அருமையான நீலம் கிடைக்கும். ஆனால் புளிப்பு பட்டால் ஊதாவாகிவிடும். அக்கா சொன்ன எலுமிச்சையைப் பிழிந்தால் மேல் அடுக்கு முழுக்க ஊதா, பிழியாவிட்டாலும் மாம்பழம் தொடும் ஓரம் லேசாக ஊதா அடிக்கும். சர்க்கரை இல்லாததால் மிதப்பது மட்டும் ஜோராக மிதக்கும்.

பத்தாம் நம்பர்:
அர்ஜென்டினாகாரன் ஒருத்தன் இங்கே இருக்கிறேன், எங்களுக்கு என்ன வழி? நடுவில் வெள்ளை வேண்டும், பால் ஊற்றலாமா? பிரேசில்காரர்கள் மேலே வெள்ளை நுரை எதுவும் போட்டுக்கொள்ள வேண்டாம். 1950-ல் மரக்கானாவில் உருகுவேயிடம் தோற்றபோது போட்டிருந்தது வெள்ளை ஜெர்சி, அதற்கப்புறம்தான் மஞ்சளுக்கே மாறினார்கள்.

பழைய பார்மேன்:
பால் வேண்டாம், குராசோ சிரப்பில் பெரும்பாலும் புளிப்பு சேர்த்திருப்பார்கள், ஓரத்தில் திரிந்துவிடும். இளநீர் வழுக்கையை அதே இளநீரில் விழுதாக அரைத்து ஊற்று, வெள்ளைவெளேர் என்று இருக்கும், திரியாது. அடியில் நல்ல கெட்டிச் சர்க்கரைப் பாகில் அரை டீஸ்பூன் நீலம், அப்புறம் ஐஸ், அப்புறம் வழுக்கை, மேலே ஐஸ் தண்ணீரில் நாலைந்து சொட்டு நீலம். மேல் அடுக்கில் சர்க்கரை சேர்க்காதே, இளநீரிலேயே சர்க்கரை குறைவு, கொஞ்சம் கனமானாலும் உள்ளே இறங்கிவிடும்.

வியாசை மொட்டைமாடி:
எல்லாருக்கும் நன்றி. நீலத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றிப் பார்த்தேன், ஜம்மென்று மேலே நிற்கிறது. பாலாடை பாட்டியிடம் இருக்கிறது. முன்கூட்டியே செய்வதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ராயபுரம் அக்கா:
முழுசாகச் செய்து வைக்காதே. ஐஸ் உருகும் தண்ணீர் மேலேயே தங்கிவிடும், நீலம் வெளுத்துப் போகும். சாயங்காலமே எல்லா டம்ளரிலும் சர்பத்தை மட்டும் ஊற்றி மூடி வை, நீலத் தண்ணீரையும் மாம்பழத்தையும் தனித்தனி ஜாடியில் ஃப்ரிட்ஜில் வை. தேசிய கீதம் தொடங்கும்போது ஐஸ் போட ஆரம்பித்தால் போதும். ஒருத்தர் ஐஸ், ஒருத்தர் மாம்பழம், ஒருத்தர் பாலாடை என்று மூன்று பேர் வரிசையாக உட்காருங்கள். அந்த மூன்று பேரில் அர்ஜென்டினாகாரன் இல்லாமல் பார்த்துக்கொள்.