புதுப்பிப்பு: ஆனேக்கல் நிலத்தில் உண்ணிச்செடிப் புதரை எடுத்தாச்சு

பெங்களூரை ஒட்டி ஆனேக்கல் பக்கம் எங்கள் ஒரு ஏக்கரில் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்த உண்ணிச்செடியையும் பார்த்தீனியத்தையும் மினி டிராக்டரை வைத்து நாங்களே எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிந்தது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது "நேராக ரோட்டாவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் கருவி) இறக்காதீங்க, முதலில் வேரோடு இழுங்க" என்ற யோசனைதான். மழையில் மண் இளகியதும் கிளைகளை அரிவாளால் கழித்து, தண்டை முழங்கால் உயரத்துக்கு விட்டு, அடியில் சங்கிலி சுற்றி லோ கியரில் மெதுவாக இழுத்தோம். சங்கிலியை டிராபாரில் (டிராக்டருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி) மட்டும் மாட்டுங்கள், அதைவிட உயரத்தில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும், இதில் விளையாட்டே வேண்டாம். அசையாத தூர்களுக்கு மண்ணைத் தோண்டி, தரைமட்டத்துக்குக் கீழே ஆணிவேரை வெட்டினோம். மேலோடு வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். பார்த்தீனியம் பூக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்கியாச்சு. அப்புறம் கல்டிவேட்டர் (கொத்துக்கலப்பை) ஓட்டினோம், கடைசியில் ரோட்டாவேட்டர்.

எதிர்பாராதது பழைய வேலியின் முள்கம்பி. துருவேறி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது, ரோட்டாவேட்டர் கத்தியில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டது. பி.டி.ஓ.வை (இன்ஜின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டு) விடுவித்து, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்த பிறகே குறட்டால் துண்டு துண்டாக நறுக்கினோம். பக்கத்துத் தோட்டத்து அஜ்ஜா (தாத்தா) கம்பி போன வழியைக் காட்டியதால் மீதியையும் முன்கூட்டியே உருவிவிட்டோம். புதர் எடுக்கிறவர்கள் ஓரங்களை முதலில் நடந்து பார்த்துவிடுங்கள்.

பிடுங்கிய தூர்களை வேர் மேலே இருக்கும்படி கவிழ்த்துக் காயப்போட்டிருக்கிறோம். பறவைகள் கொண்டுவரும் விதையிலிருந்து உண்ணி மறுபடி முளைக்கும், அடுத்த மழைக்குப் பிறகு அந்தக் கன்றுகளையும் கையாலேயே பிடுங்க வேண்டும்.