பழைய லேப்டாப்புக்கு ராம் வாங்கினேன், உள்ளேயே போகவில்லை

மஞ்சை ஜெராக்ஸ்:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ், வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டா நகல், வில்லங்கச் சான்று, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் என்றுதான் வருகிறார்கள். லேப்டாப்பில் இருப்பது ஐ3-6006யூ பிராசசர், 4 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்). பிரவுசரில் நாலு டேப், கூடவே ஒரு ஸ்கேன் பிடிஎஃப், அவ்வளவுதான், சுற்றிக்கொண்டே நிற்கும். அதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். வந்தவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் லேப்டாப்பைப் பார்ப்பேன்.

"ஆறாம் தலைமுறை பிராசசர் சித்தி, ராம் டிடிஆர்4 வகைதான்" என்றான் அக்கா மகன். பாண்டிக்குப் போன வேலையோடு 8 ஜிபி டிடிஆர்4 ஒன்று வாங்கி வந்தேன். பின்மூடியைக் கழற்றி வைத்துப் பார்த்தால் நடுவில் உள்ள வெட்டு பொருந்தவே இல்லை. கவரைப் பிரித்தாயிற்று, திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள் கடையில். கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்கிறான் இவன். நான் விடவில்லை.

ஏற்கனவே உள்ளே இருக்கும் ராமில் "4ஜிபி 1ஆர்x8 பிசி3எல்-12800எஸ்" என்று போட்டிருக்கிறது. திருப்பாப்புலியூரில் ஒருவர் பழைய 8 ஜிபி ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்கிறார். அதில் "பிசி3-12800எஸ்". வாங்கலாமா?

ஓ.டி. சர்வீஸ்:
அழுத்தாமல் விட்டீர்களே, பெரிய புண்ணியம்மா. டிடிஆர்4க்கு முந்தைய வகை டிடிஆர்3. அந்த லேப்டாப் ராமுக்கு விளிம்பில் 204 பின் (தங்க நிறத் தொடுமுனைகள்), டிடிஆர்4க்கு 260. தப்பானதை யாரும் மாட்டிவிடக் கூடாது என்றுதான் வெட்டையே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

பையன் சொன்னது பாதி சரி. 6006யூ இரண்டையும் ஏற்கும்: டிடிஆர்4 என்றால் 2133 வேகம், டிடிஆர்3எல் (டிடிஆர்3இல் குறைந்த வோல்ட் வகை) என்றால் 1600 வேகம். எந்த ஸ்லாட்டை வைப்பது என்பது போர்டு செய்தவன் முடிவு. பிராசசர் பெயரைக் கேட்டு ராம் விற்கிறவனிடம் நான் எதுவும் வாங்க மாட்டேன். உள்ளே இருப்பதன் லேபிளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் லேபிளிலேயே பதில் இருக்கிறது. பிசி3 என்றால் டிடிஆர்3, எல் என்றால் 1.35 வோல்ட். 12800 என்பது நொடிக்கு எத்தனை எம்பி போகும் என்பது. 8ஆல் வகுத்தால் அந்த 1600 வேகம். கடைசி எஸ், லேப்டாப்புக்கான சின்ன அளவு. திருப்பாப்புலியூர்க்காரரிடம் இருப்பதில் எல் இல்லை, 1.5 வோல்ட். உருவம் ஒன்றேதான், அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் உங்கள் பிராசசருக்கு 1.5 கணக்கிலேயே கிடையாது. திரை கறுப்பாக நிற்கலாம், அப்புறம் போர்டு போச்சு என்று யாராவது பில் போடுவார்கள். பிசி3எல் என்று அச்சடித்த 8 ஜிபி மட்டும் வாங்குங்கள்.

லாஸ்பேட்டைப் பையன்:
அக்கா, வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் பாருங்கள். "ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2" என்று இருந்தால் பழையதைக் கழற்றவே வேண்டாம். 4ம் 8ம் சேர்ந்து ஓடும். இரண்டிலும் நாலு நாலு ஜிபி ஜோடியாக வேலை செய்யும், மிச்ச 4 தனியாக. கம்பெனி வேறாக இருந்தாலும் பெரும்பாலும் பிரச்சினை வராது. விண்டோஸ் 64 பிட்தானா என்றும் பாருங்கள். 32 பிட் என்றால் 4க்கு மேல் போட்டும் வீண்.

நெல்லிக்குப்பம்:
ராமை விடுங்கள், முதலில் எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) போடுங்கள்.

ஓ.டி. சர்வீஸ்:
எஸ்எஸ்டி நல்லதுதான், அடுத்த மாதம் போடட்டும். நாலு டேபுக்கே திணறுகிறது என்றால் ராம் நிரம்பி விண்டோஸ் டிஸ்க்கில் குடித்தனம் நடத்துகிறது.

மஞ்சை ஜெராக்ஸ்:
64 பிட்தான், ஒரு ஸ்லாட் காலி. பிசி3எல் 8 ஜிபி வாங்கி இப்போதுதான் மாட்டினேன். திரை கறுப்பு. வயிற்றைக் கலக்குகிறது அண்ணா.

ஓ.டி. சர்வீஸ்:
பயப்படாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு இரண்டு ராமையும் கழற்றுங்கள். நம் ஊர் உப்புக் காற்றுக்குப் பழைய ராமின் பின்னெல்லாம் மங்கிப் போயிருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் போய் ஒட்டும். சாய்வாகச் செருகி, தங்க நிறம் கிட்டத்தட்ட மறைந்த பிறகு கீழே அமுக்குங்கள். இரண்டு பக்கமும் டக்கென்று கொக்கி விழ வேண்டும். புதியது மட்டும், அப்புறம் இரண்டும் என்று போட்டுப் பாருங்கள். முதல் தடவை ஆன் ஆக ஒரு நிமிடம் எடுத்தாலும் கை வைக்காதீர்கள்.

மஞ்சை ஜெராக்ஸ்:
வந்துவிட்டது அண்ணா! இடது பக்கக் கொக்கி விழாமலே இருந்திருக்கிறது. இப்போது 11.9 ஜிபி, 1600 என்று காட்டுகிறது. பதினொரு டேப் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை டைப் செய்கிறேன்.

இங்கே யாரிடமாவது டிடிஆர்4 லேப்டாப் இருக்கிறதா? 8 ஜிபி, ஒரு தடவைகூட மாட்டியதில்லை. மாட்டவும் முடியவில்லை.