நடக்கும்போது கழன்றுபோகாத செருப்பு எங்கே கிடைக்கும்?
ஈரோட்டுச் சித்திரை வெயிலில் ஷூ போட்டால் கால் வெந்துவிடுகிறது. எனக்கு அகலப் பாதம், குதிகால் மட்டும் ஒல்லி. பின்வார் இல்லாத செருப்பை விரல்களை மடக்கிப் பிடித்தபடியே இழுத்து நடக்கிறேன். சாயங்காலம் கெண்டைக்கால் கடுக்கிறது. போன வாரம் கனி மார்க்கெட் அருகே ரோட்டைக் கடக்கும்போது ஒன்று கழன்று நடுவில் நின்றுவிட்டது. டவுன் பஸ் அதன் மேல் ஏறிப் போனது; நல்லவேளை, கால் அதில் இல்லை.

பின்வார் வைத்த ஒன்றும் வாங்கினேன். ரெக்சின் வார் வியர்வையில் ஊறிக் குதிகாலை உரித்துவிட்டது. வெல்க்ரோவோ மண் ஏறிப் பிடிப்பை இழக்கிறது.

பக்கிளால் இறுக்கிக்கொள்ளும் மெத்தென்ற பின்வார், வழுக்காத அடிப்பாகம், 1,000 ரூபாய்க்குள் வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போதுதான் அளவு பார்க்கிறேன். அந்த யோசனை வேண்டாம். பெருந்துறை, திருப்பூர் பக்கம் அளவெடுத்துத் தோலில் தைத்துத் தருபவர் இருந்தாலும் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.