பணியில் உடல் இயலாமல் போனவரின் கோரிக்கையை மாநகராட்சியே தீர்மானிக்கலாமா?

வடசென்னை வாசகர்:
2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் போராடிய நாட்களில், பணி நிரந்தரம் பற்றியும் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படுவது பற்றியும் நாமெல்லாரும் நிறையப் பேசினோம். பணியின்போது உடல் இயலாமல் போகிறவரின் கோரிக்கையை யார் விசாரித்து யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பேசவில்லை. அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒரே குப்பை லாரியில் மூவர் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்தவர். இன்னொருவர் அதற்குப் பின் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டவர். மூன்றாமவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். குப்பையை அழுத்தும் இயந்திரத்தில் கை சிக்கினால், முதலாமவருக்கு 1978ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின்படி இயலாமை ஓய்வூதியம் உண்டு. அந்த விதிகளுக்கு வெளியே வைக்கப்பட்ட இரண்டாமவர், அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடாகப் பிடித்த பணத்தையும் அதற்கு ஈடாக நிர்வாகம் செலுத்தியதையும்தான் நம்பியிருக்க வேண்டியிருந்தது. மூன்றாமவர் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். முதல் இருவருடைய கோப்பும் அவர்களுக்கு வேலை கொடுத்த, பணம் கொடுக்க வேண்டிய அதே அலுவலகத்தில்தான் தொடங்குகிறது, அங்கேயே முடிகிறது. கொடுக்க வேண்டியவரே கோரிக்கை நியாயமானதா என்று தீர்ப்பதை நான் ஏற்கவில்லை. இதற்கு, தொழிற்சங்கத்துக்கும் வாக்குள்ள தனி வாரியம் வேண்டும்.

தணிக்கை நோக்கர்:
உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மறுக்கிறேன். உடல் தகுதியை மாநகராட்சி தீர்மானிப்பதில்லை. அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுதான் சான்று தருகிறது. மாநகராட்சி அனுப்புகிறது, பெறுகிறது, ஆணையிடுகிறது, அவ்வளவே. அந்த ஆணையிலும் கண்டிப்பு வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. குறிப்பிட்ட வயதுக்குள் மருத்துவ இயலாமையால் ஓய்வு பெறுகிறவரின் வாரிசு, கருணை அடிப்படையில் வேலை கேட்கலாம். நல்ல நோக்கத்தில் வைத்த இந்த வழி, ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும் ஒருவருக்குத் தம் வேலையை மகனுக்குக் கைமாற்றும் வழியாகவும் தோன்றிவிடுகிறது. ரயில்வேயில் தந்தை முன்கூட்டியே ஓய்வு பெற்றால் பிள்ளைக்கு வேலை என்றிருந்த திட்டத்தை, சமவாய்ப்புக்கு எதிரானது என்று 2016இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பிறகு கைவிட்டார்கள்.

நகராட்சியின் பணம் சொத்து வரியிலிருந்தும் மாநில அரசின் மானியத்திலிருந்தும் வருகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலையில் ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு கொடுத்தது. சேர்ந்துவிட்ட ஓய்வூதியத்தைக் குறைக்கக் கூடாது என்று மிச்சிகன் மாநில அரசமைப்பிலேயே எழுதியிருந்தும், பொதுப்பிரிவு (காவல், தீயணைப்புத் துறை அல்லாத) ஓய்வூதியர்களின் மாதத் தொகையில் 4.5 விழுக்காடு வெட்டப்பட்டது. விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் கிடைத்த உயர்வும் நின்றது. அந்நகரின் ஓய்வூதிய நிதியைத் தனி வாரியம்தான் நிர்வகித்தது. முதலீட்டில் நல்ல வருவாய் வந்த ஆண்டுகளில் அந்த வாரியம் 12 மாதத் தொகைக்கு மேல் 13ஆவது காசோலையும் கொடுத்தது. அதை இருப்பாக வைத்திருந்தால் பின்னால் உதவியிருக்கும். தனி வாரியம் என்றாலே நேர்மை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

தொழிற்சங்கத் தோழர்:
ஐயா, மருத்துவக் குழு தீர்மானிக்கிறது என்பது பாதி உண்மைதான். எந்தக் கேள்வியை அனுப்புகிறோமோ அந்தக் கேள்விக்குத்தான் மருத்துவர்கள் பதில் எழுதுகிறார்கள். ஊரைக் குறிப்பிட விரும்பாத ஒரு மாநகராட்சியில் எங்கள் சங்க உறுப்பினரான ஓட்டுநர் ஒருவருக்கு வலது கண்ணில் பார்வை போயிற்று. 'கனரக வாகனம் ஓட்டத் தகுதி உடையவரா' என்று அலுவலகம் கேட்டது. 'இல்லை' என்று குழு எழுதியது. அந்த ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு அவரைப் பணியிலிருந்தே விடுவிக்கும் கோப்பு நகர்ந்தது. கிடங்கில் பொருள் கணக்கு எழுதவோ, வாகனப் பணிமனையில் எரிபொருள் பதிவேடு பார்க்கவோ அவரால் முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. 'என்னால் பணி செய்ய இயலாது, ஓய்வு வழங்கக் கோருகிறேன்' என்று அலுவலகமே தட்டச்சு செய்து வைத்திருந்த தாளில் அவரிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நாங்கள் போய் நின்றதால் அவர் கையெழுத்திடவில்லை.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு 4ஆம் உட்பிரிவின்படி, பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்டவரைப் பணிநீக்கவும் கூடாது, பதவியிறக்கவும் கூடாது. பார்த்துவந்த வேலைக்கு அவர் பொருந்தாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், தக்க இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ மிகைப் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். உள்ளாட்சிகளுக்கும் இது பொருந்தும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவும் இதையேதான் சொன்னது. இடது கால் அகற்றப்பட்ட குணால் சிங் என்ற காவலரின் வழக்கில், இயலாமை ஓய்வூதியம் கிடைத்துவிட்டது என்பதற்காக இந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனைக்குப் பிறகும் அலுவலகங்கள் முதலில் கையில் எடுப்பது ஓய்வூதியப் படிவத்தைத்தான்.

தணிக்கை நோக்கர்:
தோழர் சொன்ன சட்டத்தை மறுக்கவில்லை; அந்த ஓட்டுநர் கையெழுத்திடாதது சரியே. ஆனால் 'மாற்றுப்பணி' நடைமுறையில் யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் பேச வேண்டும். தூய்மைப் பணிக்கென்று ஊதியப் பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் மண்டல அலுவலகத்தில் கோப்புத் தூக்கிக்கொண்டிருப்பார். கேட்டால் முதுகு வலி என்பார்கள். பணிப்பதிவேட்டைப் புரட்டினால் மருத்துவச் சான்றும் இருக்காது, மாற்றுப்பணி ஆணையும் இருக்காது. ஒரு வட்டாரப் புள்ளியின் வாய்மொழிதான் ஆணை. உண்மையிலேயே கை போனவருக்கு இடமில்லை என்று கோப்பில் எழுதுகிற அலுவலகத்தில், அந்த இடங்களில் நல்ல உடம்புக்காரர்கள் அமர்ந்திருப்பார்கள். இதைத் தணிக்கைத் தடை என்று குறையாகப் பதிவுசெய்து எழுதியவர்களைத் தொழிலாளர் விரோதிகள் என்று ஏசியதும் சங்கங்கள்தான். வாரியத்தில் சங்கத்துக்கு வாக்கு கொடுத்தால் இந்தப் பட்டியல் நீளுமா, குறையுமா?

குயின்ஸ் தமிழர்:
நான் நியூயார்க்கில் வசிக்கிறேன். இருவர் சொல்வதற்கும் இங்கே சான்று இருக்கிறது. இந்நகரக் காவல்துறை ஓய்வூதிய நிதியின் அறங்காவலர் குழுவில் மொத்தம் 12 வாக்குகள். நகரத் தரப்புக்கு 6, சங்கத் தரப்புக்கு 6. உடல் தகுதியை மூன்று மருத்துவர்கள் அடங்கிய குழு பார்க்கிறது. இயலாமை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் அறங்காவலர்கள் அதை மீற முடியாது. இயலாமை உண்டு, ஆனால் அது பணியில் நேர்ந்த விபத்தால் வந்ததா என்ற கேள்வி மட்டுமே வாக்கெடுப்புக்கு வருகிறது. விபத்து என்று ஏற்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு ஊதியம். இல்லையென்றால் ஏறத்தாழ அரைப் பங்கு. வாக்கு ஆறுக்கு ஆறாகப் பிரிந்தால் அரைப் பங்குதான் கிடைக்கும், ஆனால் அவர் நீதிமன்றம் போகலாம். சங்கத்துக்குப் பாதி வாக்கு இருந்தும் கஜானா திறந்து கிடக்கவில்லை என்பதைத் தணிக்கை நோக்கர் ஐயா கவனிக்க வேண்டும்.

ஏமாற்றும் நடக்கிறது. 2014 ஜனவரியில் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது இயலாமை மோசடி வழக்குத் தொடுத்தார். அவர்களில் பலர் ஓய்வு பெற்ற காவலர்கள், தீயணைப்பு வீரர்கள். ஆனால் அவர்கள் ஏமாற்றியதாகச் சொல்லப்பட்டது நான் மேலே எழுதிய நகர வாரியத்தை அல்ல, தொழிற்சங்கங்களுக்கு வாக்கே இல்லாத அமெரிக்க நடுவண் அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை.

இங்கிருந்து நம் ஊர் எடுத்துக்கொள்ளத்தக்கது என்று நான் கருதுவது வேறொன்று. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் இடிபாடுகளில் வேலை செய்தவர்களுக்குப் பின்னாளில் குறிப்பிட்ட நோய்கள் வந்தால், அவை அந்தப் பணியால் வந்தவை என்றே முதலில் கொள்ள வேண்டும் என்று 2005இல் சட்டம் இயற்றினார்கள். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பைமேட்டுப் புகையில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவருக்கு நுரையீரல் கெட்டால், அது வேலையால் வந்தது என்று நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் ஏற்றுவது என்ன நியாயம்?

இராயபுரம் சகோதரி:
எல்லோரும் நிரந்தரப் பணியாளர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சென்னையின் 15 மண்டலங்களில் பெரும்பாலானவற்றில் தெருவைக் கூட்டுகிறவர் இன்று நிறுவனத்தின் ஆள். சட்டப்படி அவருக்கு ஈ.எஸ்.ஐ.யும் வருங்கால வைப்புநிதியும் உண்டு. முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகிற ஈ.எஸ்.ஐ.யில், வேலையில் அடிபட்டவரின் இழப்பை முதலாளி மதிப்பிடுவதில்லை. ஈ.எஸ்.ஐ. கழகத்தின் மருத்துவ வாரியம் மதிப்பிடுகிறது. ஏற்காவிட்டால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. நீதிமன்றமும் இருக்கிறது. நீங்கள் மேலே கேட்கிற தனி அமைப்பு ஏற்கெனவே நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. மாநகராட்சியின் நிரந்தர ஊழியருக்கு மட்டும் அது இல்லை.

ஆனால் அதன் வாசல் வரைகூடப் போக முடியாதவர்களை நான் அறிவேன். விபத்து நடந்ததை நிறுவனம் அறிக்கையாக அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால், வருகைப் பதிவில் அன்றைக்குப் பெயர் இல்லாவிட்டால், அடிபட்டது வேலையிலா வீட்டிலா என்ற கேள்வி எழுகிறது. எங்கள் தெருவில் வேலை செய்த ஒரு அம்மாவுக்கு உடைந்த கண்ணாடி கையைக் கிழித்து நரம்பு அறுந்தது. மேற்பார்வையாளர் அவரை அருகிலிருந்த தனியார் மருத்துவரிடம் கூட்டிப்போய்த் தையல் போட்டு, கையில் 2,000 ரூபாய் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். காகிதம் எதுவும் இல்லை. மூன்று விரல் மடங்காமல் நின்ற பிறகு அவர் யாரிடம் போவார்? ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு அடிபட்டால் இழப்பீட்டுக்கு முதன்மை வேலையளிப்பவரும் பொறுப்பு என்ற கோட்பாடு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. கழிவுநீர்ப் பாதையில் இறங்கி நிரந்தரமாக முடங்கியவருக்குக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. அந்த அம்மாவின் கைக்கு அப்படி ஒரு தொகை எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படவில்லை. நிரந்தரப் பணியாளருக்கு வாரியம் அமைத்துவிட்டு இவரை வெளியே நிறுத்தினால் அதை நான் சீர்திருத்தம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வடசென்னை வாசகர்:
சகோதரி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் கேட்ட வாரியத்தின் பணியை இப்போது இன்னும் தெளிவாகச் சொல்ல முடிகிறது. மாநகராட்சி எல்லைக்குள் அதன் வேலையைச் செய்கிற எவருக்கு அடிபட்டாலும், யாருடைய ஊதியப் பட்டியலில் இருந்தாலும், விபத்துப் பதிவு முதலில் வாரியத்திடம் வர வேண்டும். மருத்துவக் குழுவுக்குக் கேள்வியை எழுதுவதும் வாரியமாக இருக்க வேண்டும்: எந்த வேலை முடியாது என்பதோடு எந்த வேலை முடியும் என்பதையும் கேட்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில், தமிழில் தர வேண்டும்.

தணிக்கை நோக்கர்:
விபத்துப் பதிவு வெளியே இருக்க வேண்டும் என்பதிலும் காரணம் எழுத்தில் வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. தணிக்கைக்கும் அது உதவும். அதோடு, மாற்றுப்பணியில் இருக்கிற ஒவ்வொருவரின் பெயரும் சான்று எண்ணும் ஆண்டுதோறும் மாமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்று நான் கேட்பேன். சங்கத்துக்கு வாக்கு என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். கேட்கும் உரிமை, ஆவணங்களைப் பார்க்கும் உரிமை, மேல்முறையீட்டில் உடன் நிற்கும் உரிமை ஆகியவை போதும். வரி கட்டுகிறவரின் பணத்தைப் பெறுகிற தரப்பே அதை வழங்கும் முடிவில் வாக்களிக்கக் கூடாது.

தொழிற்சங்கத் தோழர்:
வரி கட்டுகிறவரின் பெயரால் வாக்களிக்கப் போகிற ஆணையரும் அந்தப் பணத்திலிருந்துதான் ஊதியம் பெறுகிறார், ஐயா. மாற்றுப்பணிப் பட்டியலை மாமன்றத்தில் வைப்பதை எங்கள் சங்கம் ஆதரிக்கும். இதை எழுத்திலேயே தருகிறேன். வாக்குரிமையைக் கைவிட மாட்டோம். இன்னொரு கேள்விக்கும் உங்கள் பதில் வேண்டும். கோப்பு வாரியத்தில் இருக்கும் மாதங்களில் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? மருத்துவ விடுப்புத் தீர்ந்தவுடன் ஊதியமில்லா விடுப்பில் தள்ளுவதுதான் இன்றைய வழக்கம். முடிவு வரும் வரை முழு ஊதியம் என்று விதியில் எழுத உங்களுக்குச் சம்மதமா?

தணிக்கை நோக்கர்:
ஆறு மாதம் வரை சம்மதம். அதற்கு மேல் போனால் தாமதம் யாரால் என்று பார்க்க வேண்டும். மருத்துவக் குழு முன் வராமல் இழுத்தடிக்கிறவருக்கும் முழு ஊதியம் என்றால் நான் எதிர்த்துத்தான் எழுதுவேன்.

இராயபுரம் சகோதரி:
அந்த ஆறு மாதம் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டா, அவருக்கு அதை யார் கொடுப்பது என்பதற்கு இன்னும் ஒருவரும் பதில் எழுதவில்லை.